நோட்டு செல்லாத வாரத்தில் நாம் தேடியது

கூகுள் கணக்கில் நம் தேடல்களையெல்லாம் சேர்த்து வைத்திருக்கும் ஒரு பக்கம் உண்டு. என்றைக்கு, எத்தனை மணிக்கு, எதைத் தட்டினோம் என்பது வரிசையாகக் கிடக்கும், நாமாகப் போய் அழிக்காதவரை. வேறு எதையோ தேடப் போய், போன மாதம் அதற்குள் விழுந்துவிட்டேன். கை தானாக 2016 நவம்பர் 8-ஆம் தேதிக்குப் போனது. அன்று மாலை ஆறு மணிக்கு நான் தேடியது 'மிக்ஸி ஜார் ரப்பர்'. அடுத்த வரி இரவு 8.52: '500 1000 செல்லாது உண்மையா'. அதற்கு அடுத்தது 'பெட்ரோல் பங்க் 500 வாங்குவார்களா'. பிறகு இரவு பதினொன்றரை வரை வெறும் நோட்டுதான். மிக்ஸி ஜாருக்கு ரப்பர் வாங்கினேனா என்பது நினைவில் இல்லை.

அன்று இரவு எட்டேகால் மணி வாக்கில் பிரதமர் நரேந்திர மோடி தொலைக்காட்சியில் பேசினார். நள்ளிரவிலிருந்து 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது. முதலில் இந்தியில் சொன்னார், பிறகு ஆங்கிலத்தில். புழக்கத்தில் இருந்த பணத்தை மதிப்பின்படி கணக்கிட்டால் 86 விழுக்காடு அந்த இரண்டு நோட்டுகள்தான். முழுசாக நான்கு மணி நேரம்கூட இல்லை.

அடுத்த ஒரு வாரம் நாடு கூகுளைப் போட்டுப் பிறாண்டியது. அந்த வாரத்தின் தேடல்களைப் பற்றி அப்போது வந்த செய்திகளை இப்போது எடுத்துப் படித்தால் கொஞ்சம் சிரிப்பும் கொஞ்சம் எரிச்சலும் வருகிறது. 'கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவது எப்படி என்று இந்தியர்கள் தேடித் தள்ளுகிறார்கள், குஜராத்துக்கு முதலிடம்' என்பதுதான் பெரும்பாலான தலைப்புகளின் சாரம். மீம்ஸ் பறந்தன. பிரதமரின் சொந்த மாநிலம் என்பதால் எதிர்க்கட்சிக்காரர்களுக்கும் கொண்டாட்டம். அந்தப் பட்டியல் உண்மையில் அதைத்தான் சொன்னதா?

முதலில் அந்தப் பட்டியல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். கூகுள் ட்ரெண்ட்ஸ் என்ற சேவை 2006 முதல் இருக்கிறது. ஒரு சொல்லைக் கொடுத்தால் அதைத் தேடும் ஆர்வம் எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்று கோடு போட்டுக் காட்டும். எத்தனை பேர் தேடினார்கள் என்று மட்டும் சொல்லாது. அது கொடுப்பது 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண். அந்தச் சொல் உச்சத்தில் இருந்த நேரம் 100. மற்ற நேரமெல்லாம் அதனோடு ஒப்பிட்டு. அதுவும் எல்லாத் தேடல்களையும் எண்ணிப் போட்ட கணக்கு இல்லை, ஒரு மாதிரியை எடுத்துப் போட்ட கணக்கு. ரொம்பக் குறைவாகத் தேடப்பட்டவை பூஜ்யமாகிவிடும்.

மாநிலவாரிக் கணக்கில்தான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். இரண்டு டீக்கடைகளை வைத்துப் பார்ப்போம். ஒரு கடையில் நாளைக்கு 100 டீ விற்கிறது, அதில் 20 சர்க்கரை இல்லாத டீ. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள கடையில் 1000 டீ, அதில் சர்க்கரை இல்லாதது 100. ட்ரெண்ட்ஸ் முறைப்படி முதல் கடைக்கு 100 மதிப்பெண், பஸ் ஸ்டாண்ட் கடைக்கு 50. ஏனென்றால் அது பார்ப்பது மொத்தத்தில் எத்தனை பங்கு என்பதை. ஆனால் சர்க்கரை வேண்டாம் என்றவர்கள் பஸ் ஸ்டாண்ட் கடையில்தான் ஐந்து மடங்கு அதிகம். 'குஜராத் முதலிடம்' என்பதன் பொருளும் இவ்வளவுதான்: குஜராத்தில் நடந்த மொத்தத் தேடல்களில் இந்தக் கேள்வியின் பங்கு மற்ற மாநிலங்களைவிடக் கூடுதல். அந்தப் பங்கு நூற்றில் ஒன்றா, லட்சத்தில் ஒன்றா? அது பட்டியலில் இல்லை.

'அதிகம் தேடப்பட்டவை' என்று வருவதும் பெரும்பாலும் 'வேகமாக ஏறியவை'தான். உண்மையிலேயே அதிகம் தேடப்படுபவை என்றைக்கும் ஒன்றேதான்: யூடியூப், ஃபேஸ்புக், வானிலை, கிரிக்கெட் ஸ்கோர். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் கூகுளுக்குள் போய் 'கூகுள்' என்று தட்டித் தேடுவார். அவரைப் போல எத்தனையோ பேர். அப்படியே பட்டியல் போட்டால் வாரா வாரம் ஒரே பட்டியல் வரும், எந்தப் பத்திரிகையும் சீண்டாது. அதனால் நேற்று கிடையாது, இன்று திடீரென்று வந்தது எது என்று பார்க்கிறார்கள். முந்தைய காலத்தைவிட 5000 விழுக்காட்டுக்கு மேல் ஏறிவிட்டால் ட்ரெண்ட்ஸ் எண் போடுவதையே விட்டுவிட்டு, எகிறிவிட்டது என்கிற மாதிரி ஒரு முத்திரை குத்திவிடும். நேற்று சீந்துவாரில்லாத ஒரு வாக்கியத்தை இன்று கொஞ்சம் பேர் தட்டினாலும் அந்த முத்திரை விழலாம்.

இதே கூத்து அதற்கு ஐந்து மாதம் முன்பு பிரிட்டனில் நடந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேற வாக்களித்த மறுநாள், 2016 ஜூன் 24, 'ஐரோப்பிய ஒன்றியம் என்றால் என்ன?' என்பதுதான் ஒன்றியம் பற்றிய கேள்விகளில் அங்கே இரண்டாமிடம் என்று கூகுள் ட்ரெண்ட்ஸ் ட்வீட் போட்டது. ஓட்டுப் போட்டுவிட்டு அர்த்தம் தேடுகிறார்கள் என்று உலகமே சிரித்தது. பிறகு ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து விளம்பரதாரர்களுக்குக் கூகுள் தரும் எண்களை எடுத்துப் பார்த்தார். மே மாதம் முழுவதும் அந்தக் கேள்வியைத் தேடியவை 8,100. நாளைக்கு 261. வாக்கெடுப்புக்குப் பிறகு அது மூன்று மடங்கானது என்று வைத்துக்கொண்டாலும் ஆயிரத்தைத் தொடாது. வாக்களித்தவர்களோ 3 கோடிக்கும் மேல். அந்த ஆயிரத்துக்குள்ளும் பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேரோ.

சரி, நம்மூர் கறுப்பு-வெள்ளைக்கு வருவோம். அந்த வாக்கியத்தைத் தட்டியவர்கள் யாராக இருக்கும்? கட்டிலுக்கு அடியில் கோடிக்கணக்கில் வைத்திருப்பவர் கூகுளைக் கேட்பாரா, ஆடிட்டரைக் கேட்பாரா? எனக்கு அதில் சந்தேகமே இல்லை. தட்டியவர்களில் நிஜமான கவலையோடு தட்டிய சிறு வியாபாரி இருந்திருப்பார், பையில் ஐயாயிரத்தை வைத்துக்கொண்டு அதுவே கறுப்புப் பணமாகிவிடுமோ என்று பயந்தவர் இருந்திருப்பார், நண்பனுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பிச் சிரிக்கத் தட்டியவர் இருந்திருப்பார். செய்தியைப் படித்துவிட்டு 'நிஜமாகவே இப்படித் தேடுகிறார்களா' என்று பார்க்கத் தட்டியவர்கள் இருக்கிறார்களே, அவர்கள்தான் விஷயத்தையே குழப்புகிறவர்கள். அவர்கள் தட்டத் தட்ட எண்ணும் ஏறும். ஏறியதைப் பார்த்து அடுத்த செய்தி வரும்.

இந்தச் சுழலில் கூகுளே ஒருமுறை தலைகுப்புற விழுந்திருக்கிறது. காய்ச்சல், இருமல் பற்றிய தேடல்களை வைத்து ஃப்ளூ எங்கே பரவுகிறது என்று கணிக்க 2008-இல் ஒரு சேவை தொடங்கினார்கள். முதலில் நன்றாகத்தான் போனது. 2012-13 குளிர்காலத்தில் அமெரிக்காவில் அது சொன்ன அளவு நிஜத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. தொலைக்காட்சியில் ஃப்ளூ செய்தி ஓட, சளிகூடப் பிடிக்காதவர்களும் தேடியது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2015-இல் அதை மூடிவிட்டார்கள்.

வரிசையில் நின்றபடி

அந்த வாரத்தை எனக்கு நினைவுபடுத்துவது கறுப்புப் பணத் தேடல் அல்ல. 'ஏடிஎம் நியர் மீ'. மூன்றே சொல். 'அருகில் ஏடிஎம் எங்கே' என்று வழக்கமாக வெளியூர் போனவர்கள்தான் கேட்பார்கள். அந்த வாரம் சொந்த ஊரில், சொந்தத் தெருவில் நின்றுகொண்டு கேட்டோம். தெருமுனையில் ஏடிஎம் இருப்பது நமக்குத் தெரியும். அதில் பணம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கூகுளுக்கு மெஷின் இருக்கும் இடம் தெரியும், அதன் வயிறு தெரியாது. அதற்குப் பிறகு கூகுள் இந்தியா தன் முகப்புப் பக்கத்திலேயே, தேடல் பெட்டிக்குக் கீழே, பக்கத்து ஏடிஎம்மைக் காட்டும் இணைப்பு ஒன்றை வைத்தது. வழக்கமாக வெறிச்சென்று இருக்கும் பக்கம் அது.

வயிறு ஏன் காலியாகவே இருந்தது? நவம்பர் 9 வங்கிகளுக்கு வேலையில்லை. 10-ஆம் தேதி வங்கி திறந்தது, ஏடிஎம்கள் 11-இலிருந்து. ஒரு கார்டுக்கு நாளைக்கு 2000 ரூபாய்தான். மெஷினுக்குள் நோட்டை அடுக்கி வைக்கும் பெட்டிக்குக் கேசட் என்று பெயர். ஒவ்வொரு கேசட்டும் ஒரு நோட்டின் அளவுக்கு ஏற்றபடி சரிசெய்து வைக்கப்பட்டிருக்கும். பழைய ஆயிரம் ரூபாய் 177 மில்லிமீட்டர் நீளம், 73 அகலம். புதிய இரண்டாயிரம் 166-க்கு 66. பழைய இடத்தில் புதியது உட்காராது. நாடு முழுக்க 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மெஷின்கள். ஆள் நேரில் போய், திறந்து, கேசட்டை மாற்றி, மென்பொருளிலும் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதுவரை நூறு ரூபாய்தான் கதி.

ஒரு கேசட்டில் 2,500 நோட்டு வரை பிடிக்கும். நூறு ரூபாய் என்றால் இரண்டரை லட்சம். ஆளுக்கு இரண்டாயிரம் வீதம் எடுத்தால் 125 பேர். இரண்டு கேசட்டில் நூறை நிரப்பினாலும் 250 பேர். காலை பத்து மணிக்கு வண்டி வந்து பணம் வைத்துவிட்டுப் போனால் பகல் சாப்பாட்டுக்குள் ஷட்டர் பாதி இறங்கிவிடும். நான் நின்ற வரிசையில் எனக்கு முன்னால் ஏழு பேர் இருக்கும்போது காவலாளி வெளியே வந்து கையை மட்டும் விரித்தார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று முழுவதும் அதே பதிலைச் சொல்லிச் சொல்லி அவருக்கே அலுத்திருக்க வேண்டும்.

வங்கிக்குள் நோட்டை மாற்றுவது இன்னொரு கதை. ஒரு படிவம், அதில் பெயர், அடையாள அட்டை எண், எந்த நோட்டு எத்தனை, கையெழுத்து. கூடவே அட்டையின் நகல். அதனால் வங்கி வாசலில் ஒரு வரிசை, பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஒரு வரிசை. ஜெராக்ஸ் இரண்டு ரூபாய். என் சட்டைப் பையில் இருந்ததெல்லாம் ஐந்நூறு. கடைக்காரர் சிரித்துக்கொண்டே 'அதை மாத்தத்தானே சார் ஜெராக்ஸ், போங்க, மாத்திட்டு வந்து குடுங்க' என்றார். நோட்டுப் புத்தகத்தில் என் பெயரை எழுதவும் இல்லை.

என் தேடல் பக்கத்தில் 'நோட்டு மாற்ற எவ்வளவு' என்பது அந்த வாரத்தில் மட்டும் ஐந்து முறை இருக்கிறது. படித்தவன்தானே, ஒருமுறை பார்த்தால் போதாதா என்று என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. அப்புறம்தான் உறைத்தது. கேள்வி அதேதான், பதில்தான் மாறிக்கொண்டே இருந்தது. முதலில் 4000. நவம்பர் 14 முதல் 4500. நவம்பர் 18 முதல் 2000. நவம்பர் 24-ஓடு மாற்றுவதே நிறுத்தம், இனி கணக்கில் போட மட்டும்தான் முடியும் என்றார்கள். கணக்கிலிருந்து எடுப்பது முதலில் நாளைக்கு 10,000, வாரத்துக்கு 20,000. பிறகு நாள் வரம்பு போய் வாரத்துக்கு 24,000. பெட்ரோல் பங்க், அரசு மருத்துவமனை, ரயில் டிக்கெட் கவுண்டர், பால் பூத், சுடுகாடு ஆகிய இடங்களில் பழைய நோட்டு முதலில் 72 மணி நேரம் செல்லும் என்றார்கள், பிறகு நவம்பர் 14 வரை, பிறகு 24 வரை. நேற்று எழுதிய செய்தி இன்றைக்குத் தப்பு. தேடலில் முதலில் வந்து நிற்பதோ நேற்றைய செய்தி.

ஒரே கேள்வி லட்சக்கணக்கில் வருகிறது என்றால் ஜனங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். அந்த வாரத்தைப் பொறுத்தவரை அது அநியாயம். பதில் சொல்ல வேண்டிய கவுண்டரில் இருந்தவருக்கே காலையில்தான் சுற்றறிக்கை வந்திருந்தது. வழக்கமாக நாம் கேட்கும் ஆட்கள், அதாவது வங்கி மேலாளர், பக்கத்து வீட்டு ஆசிரியர், மளிகைக் கடை அண்ணாச்சி, எல்லோரும் அதே வரிசையில் நமக்கு முன்னாலோ பின்னாலோ நின்றார்கள். பட்டியல் காட்டியது நம் ஆர்வத்தை அல்ல. அந்த வாரம் கேட்க ஆள் இல்லாமல் போனதைத்தான் அது காட்டியது.

சிப், உப்பு, சாயம்

புதிய இரண்டாயிரத்தை நான் கையில் வாங்குவதற்கு முன்பே அதற்குள் நானோ சிப் இருப்பதாக வாட்ஸ்அப் சொல்லிவிட்டது. செயற்கைக்கோள் அதைக் கண்டுபிடித்துவிடுமாம். பூமிக்குள் 120 மீட்டர் ஆழத்தில் புதைத்தாலும் தப்ப முடியாதாம். சில தொலைக்காட்சிகளே இதை விளக்கப் படம் போட்டுக் காட்டின. ரிசர்வ் வங்கி மறுத்தது. நோட்டின் பின்பக்கம் மங்கள்யான் படம் இருந்தது வதந்திக்கு வாகாகப் போயிற்று என்பது என் ஊகம்.

நவம்பர் 11 மாலை இன்னொன்று கிளம்பியது. உப்புக்குத் தட்டுப்பாடு, கிலோ 400 ரூபாய்க்குப் போகப்போகிறது என்று. உத்தரப் பிரதேசத்திலும் டெல்லியிலும் மளிகைக் கடைகளை மொய்த்துவிட்டார்கள். மூன்று பக்கமும் கடல் உள்ள நாட்டில் உப்புப் பஞ்சம்! தூத்துக்குடி உப்பளத்தைப் பார்த்து வளர்ந்தவர்களிடம் இது எடுபட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

மூன்றாவது விஷயம்தான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அது வதந்தி மாதிரியே இருந்த உண்மை. இரண்டாயிரம் ரூபாயைத் துணியால் தேய்த்தால் சாயம் போகிறது. கள்ள நோட்டோ என்று எல்லோருக்கும் பயம். அப்போது பொருளாதார விவகாரத் துறைச் செயலராக இருந்தவர் சக்திகாந்த தாஸ், தமிழ்நாடு பிரிவு ஐஏஎஸ் அதிகாரி. தினமும் செய்தியாளர்கள் முன்னால் வந்து புதுப்புது விதி சொல்வது அவர்தான். சாயம் போனால்தான் நல்ல நோட்டு, போகாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும் என்று அவர் சொன்னார். அச்சு மையின் தன்மை அப்படி. இவரே 2018 டிசம்பரில் ரிசர்வ் வங்கி ஆளுநரானார்.

'2000 நோட்டு சிப்' என்று தேடியவர் அதை நம்பித் தேடினாரா, நம்பாமல் தேடினாரா? எண்ணை வைத்துச் சொல்லவே முடியாது. நான் தேடியது குடும்பக் குழுவில் சித்தப்பாவோடு சண்டை போட. நான் ஒரு எண், சிப்பை நம்பி நோட்டை அலுமினியத் தாளில் சுற்றப் பார்த்தவர் ஒரு எண். இரண்டும் ஒரே கோட்டில்தான் ஏறும்.

பட்டியலில் இல்லாத அம்மா

நவம்பர் 10 காலை ஊரிலிருந்து அம்மா போன் செய்தார். அவர் கையில் இருந்தது பட்டன் போன். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: 'ஏம்ப்பா, அஞ்சறைப் பெட்டியில கொஞ்சம் போட்டு வச்சிருக்கேன். அதையும் பேங்க்ல காட்டணுமா? அப்பாவுக்குத் தெரியாது.' கொஞ்சம் என்றால் பதினோராயிரத்து ஐந்நூறு, எல்லாம் ஐந்நூறாக. பல வருடச் சேமிப்பு. அதற்குப் பிறகு என் தேடல் பக்கத்தில் இருக்கும் வரி: 'வீட்டில் இருக்கும் பெண்கள் எவ்வளவு டெபாசிட் செய்யலாம்'. பதில் கிடைத்தது. இரண்டரை லட்சம் வரை கணக்கில் போடுகிறவர்களைக் கேள்வி கேட்க மாட்டோம் என்று வருவாய்த் துறைச் செயலர் சொல்லியிருந்தார். கேள்வி அம்மாவுடையது. கணக்கில் ஏறியது ஒரு நகரத்து ஆண்மகனின் தேடலாக.

அந்த வாரத்தில் இணையத்துக்கே புதிதாக வந்தவர்கள் கூட்டமும் பெரிது. ஜியோ செப்டம்பர் 5-ஆம் தேதிதான் தொடங்கியது, டிசம்பர் கடைசி வரை டேட்டா இலவசம். 83 நாளில் 5 கோடி வாடிக்கையாளர்கள் என்று நவம்பர் இறுதியில் அறிவித்தார்கள். பலருக்கு போனில் தாங்களாகத் தேடிய முதல் பெரிய கேள்வி நோட்டைப் பற்றியதாகவே இருந்திருக்கும்.

எந்த மொழியில் தேடினார்கள் என்பது அடுத்த சிக்கல். நம்மில் பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறோம். 'செல்லாது' என்ற ஒரே சொல்லை ஒருவர் எஸ் போட்டு எழுதுவார், இன்னொருவர் சிஎச். கடைசி எழுத்துக்கு ஒருவர் டி, இன்னொருவர் டிஎச். ட்ரெண்ட்ஸுக்கு இவை வேறு வேறு சொற்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாகக் குறைந்துபோய் பூஜ்யத்தில் கரைந்துவிடலாம். ஆங்கிலத்தில் பிசகாமல் ஒரே மாதிரி எழுதப்படும் 'கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவது எப்படி' மட்டும் கோபுரமாக நிற்கும்.

ஊடகங்கள் நடவடிக்கைக்கு வைத்த பெயரும் மக்கள் வாயில் இருந்த பெயரும் வேறு. 'பணமதிப்பிழப்பு' என்று பத்திரிகைகள் எழுதின. மதிப்பிழப்பு என்றால் நாணயத்தின் மதிப்பைக் குறைப்பது அல்லவா, இது 'மதிப்பு நீக்கம்' அல்லவா என்று ஒரு சிறு வாதமும் ஓடியது. வாதம் நியாயமானதுதான். ஆனால் வரிசையில் நின்ற ஒருவர்கூட இரண்டில் எதையும் சொல்லி நான் கேட்கவில்லை. 'நோட்டு செல்லாதுன்னுட்டாங்க', அவ்வளவுதான். ஆக, 'பணமதிப்பிழப்பு' என்ற சொல்லை ட்ரெண்ட்ஸில் போட்டுத் தமிழர்களின் ஆர்வத்தை அளக்கப் போனால் கிடைப்பது பத்திரிகை படிப்பவர்களின் ஆர்வம்.

அந்த வாரம் உலகம் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நம் நோட்டு செத்த மறுநாள் அமெரிக்க அதிபர் தேர்தலில் டொனால்ட் டிரம்ப் ஜெயித்தார். வாக்கு எண்ணிக்கை நடந்த அந்த இரவில் கனடாவின் குடியேற்றத் துறை இணையதளம் கூட்டம் தாங்காமல் முடங்கியது. டிரம்ப் ஜெயித்தால் நாட்டைவிட்டே போய்விடுவோம் என்று சொன்னபடி எத்தனை பேர் கனடாவுக்குக் குடிபோனார்கள்? போகவில்லை, பெரும்பாலும். அதுவும் தேடல்தான். நவம்பர் 14 இரவு, 1948-க்குப் பிறகு பூமிக்கு மிக அருகில் வந்த முழுநிலா. ஏடிஎம் வாசலில் ராத்திரி நின்றவர்கள் தேடாமலேயே பார்த்திருப்பார்கள்.

நவம்பர் 15-ஆம் தேதி இன்னொரு அறிவிப்பு: நோட்டு மாற்ற வருகிறவர்களின் வலது கை விரலில் அழியாத மை வைப்போம், ஒருவரே திரும்பத் திரும்ப வருவதைத் தடுக்க. தமிழ்நாட்டில் நவம்பர் 19-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், திருப்பரங்குன்றம் தொகுதிகளில் வாக்குப்பதிவு வேறு இருந்தது. வங்கி வைக்கிற மையால் வாக்காளருக்குக் குழப்பம் வரக்கூடாது என்று தேர்தல் ஆணையமே நிதி அமைச்சகத்துக்கு எழுத வேண்டி வந்தது. வலது கைக்கு வங்கி, இடது கைக்கு ஓட்டு.

தேடியவற்றைப் பற்றி இவ்வளவு பேசினோம். தேடாமல் விட்டது ஒன்று இருக்கிறது. பேடிஎம் அப்போது எல்லோர் வாயிலும் விழுந்தது, ஆட்டோவிலும் காய்கறிக் கடையிலும் அட்டை தொங்கியது. யுபிஐ அந்த ஏப்ரலிலேயே வந்திருந்தது. ஆகஸ்டு முதல் வங்கிகளின் செயலிகளும் இருந்தன. 2016 நவம்பர் மாதம் முழுவதும், நாடு முழுவதும், யுபிஐ வழியாக நடந்த பரிமாற்றங்கள் 3 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. இன்று அது ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் நடந்து முடிகிற எண்ணிக்கை. என் தேடல் பக்கத்திலும் அந்த வாரம் அந்தச் சொல் இல்லை. இரண்டாயிரம் ரூபாய்க்காக மூன்று மணி நேரம் நின்ற அன்றுகூட இல்லை.

கறுப்பை வெள்ளையாக்கும் கேள்விக்கும் ஒரு பதில் கிடைத்தது, கொஞ்சம் தாமதமாக. செல்லாது என்று அறிவித்த நோட்டுகளின் மொத்த மதிப்பு 15.41 லட்சம் கோடி ரூபாய். அதில் 15.31 லட்சம் கோடி வங்கிகளுக்குத் திரும்பி வந்துவிட்டது என்று 2018 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கை சொன்னது. 99.3 விழுக்காடு. கறுப்புப் பணம் வைத்திருந்தவர்கள் எப்படி மாற்றினார்கள் என்பதைக் கூகுளில் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்க மாட்டார்கள் என்று மட்டும் நினைக்கிறேன்.

திரும்பி வராத மிச்சத்தில் ஒரு ஆயிரம் ரூபாய் எங்கள் வீட்டில் இருக்கிறது. 2017 கோடையில் ஒரு கல்யாணத்துக்குப் போகப் பட்டுப்புடவையை எடுத்து உதறியபோது இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டுகள் விழுந்தன. அம்மா மறுபடியும் போன் செய்தார், மறுபடியும் தாழ்ந்த குரலில்: 'இத வச்சிருந்தா போலீஸ் பிடிக்குமாடா?' என் பக்கத்தில் அந்தத் தேடலும் இருக்கிறது: 'பழைய 500 நோட்டு எத்தனை வைத்திருக்கலாம்'. அந்த ஆண்டு வந்த சட்டப்படி பத்து வரை தப்பில்லை. சொன்னேன். 'அப்ப இன்னும் எட்டு இருக்கலாம்' என்று சிரித்துவிட்டு, அதே புடவை மடிப்பிலேயே வைத்துவிட்டார்.